ஆந்தையம்மாவின் இரண்டு கண்கள்

தலைமை ஏற்றிருக்கும் இயக்குநர் அவர்களே, மேடையில் இருக்கும் அறுவை மருத்துவர் அவர்களே, பேராசிரியரின் தங்கையம்மா அவர்களே, அவரிடம் கண் காட்டியவர்களே, அவரோடு வேலை பார்த்தவர்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த அரங்கில் கூடியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேடை தெரியாது. ஆகவே நான் பார்ப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் நாற்காலிகள், ஒரு சிறிய மேசை, அதன் மேல் பேராசிரியரின் படம். படத்தில் அவர் சிரிக்கவில்லை. படம் எடுத்தவர் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளி, அங்கே இன்னொருவர் நிற்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினான்கு ஆண்டுகள் அந்தப் படம் எங்கள் வரவேற்பறையில் தொங்கியது. தினமும் அதைக் கடந்து போனோமே, அவர் பார்வை ஏன் விலகியிருக்கிறது என்று ஒருவராவது கேட்டோமா? நான் கேட்டேனா? இல்லை, அவையோரே! நானும் கேட்கவில்லை.

நான் மருத்துவன் அல்ல. விஞ்ஞானியும் அல்ல. இறந்தவர்கள் தானமாகத் தந்த கண்களையும், ஆய்வுக்கு வளர்க்கும் எலிகளின் கண்களையும் உறையவைத்து, தலைமுடியை விட மெல்லிய சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுபவன். இருபத்தாறு ஆண்டுகளாக இதுவே என் தொழில். பேராசிரியர் என்னைக் ‘கத்தி’ என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘ஆந்தையம்மா’. எந்த அறைக்குள் போனாலும் விளக்கைப் போடமாட்டார். அதனால் வந்த பெயர். அது அவர் காதுக்கு எட்டாமலா இருக்கும்? ஒரு நாள் தேநீர் நேரத்தில் திடீரென்று சொன்னார்: “ஆந்தைன்னு வெச்சீங்களே, பரவால்ல. வௌவால்னு வெச்சிருந்தா தலைகீழாத் தொங்கவிட்டிருப்பீங்க.”

நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் ஆந்தைக்கு இருட்டில் கண் தெரியும். எங்கள் ஆந்தையம்மாவுக்குத் தெரியாது. வெளிச்சமும் மெல்ல மெல்ல இருட்டாகிக்கொண்டிருந்ததால்தான் அவர் விளக்கைத் தேடவில்லை.

எங்கள் இருட்டறை இங்குள்ள பலருக்குப் பழக்கம். விழித்திரையின் மின் துடிப்பை அளப்பதற்கு முன்னால் அதற்குள் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். கதவிடுக்கில் கூடக் கறுப்புத் துணி. கையை முகத்துக்கு நேரே ஆட்டினாலும் தெரியாது. அந்த நாற்பது நிமிடமும் பேராசிரியர் உங்களோடு உள்ளே இருப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஏதோ தாளில் கையெழுத்து வாங்க அந்த அறைக்குள் நுழைந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன். இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாரு, புதுசா வந்த கத்தியா? அப்படியே மூணு எட்டு வைங்க. இடது பக்கம் முக்காலி இருக்கு, இடிச்சுக்காதீங்க. இப்ப கையை நீட்டுங்க.”

நீட்டினேன். என் கையிலிருந்த தாளின் முனையைச் சரியாகப் பிடித்து வாங்கினார். என் காலடியைக் காதால் எண்ணியிருக்கிறார் என்பது அன்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர் எதற்காக உழைத்தார் என்று சொல்லாமல் அவரைப் புகழ்வது வெறும் பேச்சு. பரம்பரையாக வரும் விழித்திரைச் சிதைவு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் மாலை வெளிச்சத்தில் படி தெரியாது. பிறகு பக்கவாட்டில் வருபவர் தெரியமாட்டார். பிறகு உலகம் ஒரு குழாய் வழியே தெரியும். பிறகு அந்தக் குழாயும் அடைபடும். பிறக்கும்போதே மரபணுவில் இருக்கும் ஒரு பிழை அதற்குக் காரணம். பல குடும்பங்களில் அந்தப் பிழை பாதிப்பது மங்கல் ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்களை மட்டும்தான். பகலில் முகத்தையும் எழுத்தையும் நிறத்தையும் காட்டும் கூம்பு செல்களில் ஒரு குறையும் இல்லை. இருந்தும் அவையும் சாகின்றன. ஏன்? குற்றம் செய்யாத செல்லுக்கு ஏன் தண்டனை? பேராசிரியர் தம் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி இதுதான்.

அதற்கு முதல் விடையை அவருக்குக் காட்டியது ஒரு கண். அந்தக் கண் வந்த நாளை நான் மறக்க மாட்டேன். அவரே ஒரு குளிர்ப்பெட்டியைச் சுமந்துகொண்டு என் மேசைக்கு வந்தார். வழக்கமாகக் கண் வங்கி ஊழியர்தான் கொண்டுவருவார்.

“இன்னைக்கு நீங்க எதுக்கும்மா தூக்கிட்டு வந்தீங்க?” என்று கேட்டேன்.

“இது என் அண்ணன், கத்தி” என்றார்.

அண்ணனின் கண் என்று சொல்லவில்லை. அண்ணன் என்றார்.

அவருடைய அண்ணன் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். நாற்பது வயதில் பார்வை முழுதும் போனது. அதற்குப் பிறகும் பத்து வருடம் விரலாலேயே பல்சக்கரங்களைத் தடவி வேலை செய்திருக்கிறார். தானப் பத்திரத்தை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். அன்று நான் வெட்டினேன். சாயமேற்றினேன். பேராசிரியர் நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

விழித்திரைக்குள் காவல் செல்கள் உண்டு. உடம்பின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்தவை. செத்த செல்லின் குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. அண்ணனின் கண்ணில், சிதைவின் ஓரத்தில், அவை கூட்டமாக நின்றிருந்தன. நின்றவற்றின் வயிற்றுக்குள் கூம்பு செல்களின் துண்டுகள்.

“இதைப் பாருங்க கத்தி. பக்கத்துல இருக்கறது செத்துப்போன செல் இல்லை. நல்லாத்தான் இருந்திருக்கு. உயிரோட இருக்கும்போதே கடிச்சிருக்கு.”

வேலியே பயிரை மேய்ந்திருந்தது, அவையோரே! தம் அண்ணனின் கண்ணுக்குள் அதை நேரில் கண்ட தங்கை அவர்.

காவலாளியை மிருகமாக்கியது எது? அந்தச் செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் உண்டு. வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே சொல்பவை. பேராசிரியர் அவற்றைக் காதுகள் என்பார். “ஒரு காது அலறலைக் கேக்கும். சாகற செல் சிந்தற துண்டு துணுக்கெல்லாம் அதுக்கு அலறல். கேட்டதும் காவல் செல் பாஞ்சு வரும். இன்னொரு காது முணுமுணுப்பைக் கேக்கும். நல்லா இருக்கற செல் ‘நான் நல்லா இருக்கேன், நான் நல்லா இருக்கேன்’னு சொல்லிக்கிட்டே இருக்கும். அது கேக்கற வரைக்கும் காவல் செல் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்.” அலறல் ஓங்க ஓங்க முணுமுணுப்பு அமுங்குகிறது. அப்போது காவலாளிக்குச் செத்தது எது, வாழ்வது எது என்று தெரிவதில்லை.

முதலில் அலறல் கேட்கும் காதை அடைத்துப் பார்த்தோம். அதற்கென ஒரு மரபணு மருந்து செய்து எலிகளின் கண்ணில் செலுத்தினோம். மருந்து பட்ட செல்லை அடையாளம் காண அதில் ஒரு சுவடும் வைத்தோம். நீல ஒளி பட்டால் அந்தச் செல் பச்சையாக மின்னும். சாகும் வரை மின்னும். பேராசிரியரே உட்கார்ந்து பிழைத்த செல்களை எண்ணினார். எண்ணிக்கை அமோகம்! கட்டுரை வந்தது. நாளிதழ்கள் எழுதின. உங்களில் எத்தனை பேர் அந்த வாரம் எங்கள் வாசலில் வரிசையில் நின்றீர்கள்!

தங்கையம்மாவும் வந்தார். அப்போது அவருக்கு ஒரு கைப்பிடி அளவு பார்வை மிச்சம். அண்ணனுக்கு வந்தது அவருக்கும் வந்திருந்தது. மூவரில் நடுவில் பிறந்த பேராசிரியர் மட்டும் தப்பிவிட்டார் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவரைப் பெற்ற தாயார் கடைசி மூச்சு வரை அந்த ஒரு ஆறுதலோடு இருந்தார்.

“அக்கா, எனக்குப் போடுக்கா. சரியா வரலைன்னாலும் உன்னைக் குத்தம் சொல்லமாட்டேன்.”

“அனுமதிக்கு எழுதறேன். அடுத்த மாசம் சொல்றேன்டீ.”

அடுத்த மாதம் வருவதற்குள் அந்த நாள் வந்தது.

பகல் பதினொரு மணி இருக்கும். புதிய தகடு ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துவிட்டு, பேராசிரியரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவர் குனிந்து சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதிக்கொண்டேன். “மேல் வரிசை நல்லா இருக்கு. காவல் செல் மூணு. நடுவுல இருக்கறது கையை நீட்டிருக்கு. அதுக்குக் கீழ கூம்பு பதினேழு… பதினெட்டு.” பத்து நிமிடம் சொன்னார். ஒரு பக்கம் நிறைந்தது. தாளைப் புரட்டும்போது என் கண் நுண்ணோக்கியின் அடியில் விழுந்தது.

விளக்கு எரியவில்லை.

நான் பொத்தானைப் போடவே மறந்திருந்தேன். அந்தக் குழலுக்குள் கும்மிருட்டு. அந்த இருட்டைப் பார்த்துத்தான் அவர் பதினெட்டு கூம்புகளை எண்ணியிருந்தார்.

சொல்லவா, வேண்டாமா? கடைசியில், “அம்மா, விளக்கு…” என்றேன். அவர் கையை நீட்டி விளக்கின் கண்ணாடியைத் தொட்டார். அது குளிர்ந்திருந்தது.

“பொய் சொல்லலை, கத்தி” என்றார் மிக மெதுவாக. “எனக்குத் தெரிஞ்சது. நெஜமாவே தெரிஞ்சது.”

அன்றுதான் எல்லாம் சொன்னார். முப்பத்திரண்டு வயதிலிருந்து நோய். குழாய்ப் பார்வைக்கு நுண்ணோக்கி தோதானது. இரண்டும் ஒரே சிறு வட்டம்தானே. அதனால் யாருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டார். இப்போது நடுவிலும் மறையத் தொடங்கியிருந்தது. கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளை தானே படம் வரைந்துகொள்ளும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். அவருக்கும் வந்தது. ஆளில்லாத தாழ்வாரத்தில் “கொஞ்சம் வழி விடுங்க” என்று அவர் சொல்வதை நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். நீண்ட அங்கி போட்டவர்கள் சுவரைப் பார்த்து நிற்பார்களாம். முகம் தெரியாதாம். முதுகு மட்டும்.

“எங்க அண்ணனும் இதையேதான் சொன்னான்” என்றார். “அவன் சொன்னதைக் கேட்டதால எனக்கும் அப்படித் தெரியுதா, இல்ல வேற எதுவுமான்னு எனக்குப் புரியலை.”

ஆனால் அவரை நடுங்க வைத்தது அந்த முதுகுகள் அல்ல, அவையோரே! “அப்போ நான் இதுவரைக்கும் எண்ணினதெல்லாம்?” என்றார். அந்தக் கேள்விதான் அவரை நடுங்க வைத்தது.

மறுநாளே இயக்குநரிடம் போனார். இரண்டு ஆண்டுத் தகடுகள், அறுநூறுக்கும் மேல், மறுபடி எண்ணப்பட்டன. மூன்று பேர் எண்ணினோம். ஒருவர் கணக்கு இன்னொருவருக்குத் தெரியாது. எது மருந்து போட்ட கண், எது போடாத கண் என்று எவருக்கும் தெரியாது. முடிவு? பிழைத்த செல்கள் அவர் சொன்னதில் பாதி கூட இல்லை. அதைவிடக் கொடுமை, முதிர்ந்த எலிகளின் கண்களில் குப்பை அள்ள ஆளில்லாமல் சிதைவு இன்னும் வேகமாகியிருந்தது. அலறலைக் கேட்காத காவலாளி பிணத்தையும் அப்புறப்படுத்தவில்லை. விழித்திரையின் அந்த இடமெல்லாம் மருந்தின் பச்சை, ஊமையாக மின்னிக்கொண்டிருந்தது.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிலர் ஆறுதல் சொன்னார்கள். பலர் வேறு மாதிரி பேசினார்கள். “எண்ணிக்கையில் என் பிழை” என்று ஒரே வரி எழுதினார். காரணத்தை எழுதவில்லை. தங்கையம்மாவிடம் இரண்டே சொல்: “முடியாதும்மா, மன்னிச்சுடு.” ஏன் முடியாது என்று சொன்னால் தம் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூவரில் ஒருத்தியாவது தப்பினாள் என்ற நிம்மதியைத் தங்கையிடமிருந்து பறிக்க வேண்டும். பறிக்க மனம் வரவில்லை. தங்கையம்மா பதினொரு ஆண்டுகள் அக்காவோடு பேசவில்லை. குற்றம் யாருடையது? இருவரும் இருட்டில் இருந்தார்கள். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியவில்லை.

அந்தப் பதினொரு ஆண்டுகளும் நான் அவருடைய கண்ணாக இருந்தேன். தகட்டைப் பார்த்து வாய்விட்டுச் சொல்வேன். அவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். “நிறுத்துங்க. அந்தக் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கு?” என்பார். காதை அடைக்கும் வழியை விட்டுவிட்டு, முணுமுணுப்பை உரக்கக் கேட்க வைக்கும் வழியைத் தேடினார். இன்று எங்களிடம் உள்ள இரண்டாவது மருந்து அதுதான். எலிகளில் கூம்பு செல்கள் நெடுநாள் நிற்கின்றன. மூன்று பேர் எண்ணிவிட்டோம். எலிகளில், என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவர் இருந்தால் அப்படித்தான் சொல்லச் சொல்வார்.

சென்ற மாதம் ஒரு பிற்பகலில், வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இதயம் நின்றது. அவர் எழுதிவைத்தபடி இரண்டு கண்களும் என் மேசைக்கு வந்தன.

அவற்றை எடுத்த மருத்துவர் தானப் பத்திரத்தைப் படித்துச் சொல்லித்தான் அக்காவுக்கும் அதே நோய் என்று தங்கையம்மாவுக்குத் தெரிந்தது. நான்காம் நாள் காலை அவர் கோலூன்றிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

“உள்ள யாருண்ணே இருக்காங்க?”

“நான் மட்டும்தாம்மா.”

“அஞ்சு பேர் நிக்கிறாங்க. நெஜம் இல்லைன்னு எனக்குத் தெரியும், பயப்படாதீங்க. சுவத்தைப் பாத்து நிப்பாங்க, அவ்வளவுதான்.” கொஞ்சம் தயங்கினார். “எப்பவும் நாலு பேர்தான் இருப்பாங்க.”

பார்வை இழந்த மூளை செய்யும் வேலை என்று புத்தகம் சொல்கிறது. நானும் அதையே நம்புகிறேன். ஆனாலும் அன்று என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

உட்கார்ந்ததும் கேட்டார்: “எங்களுக்கு வந்ததே அவளுக்கும் வந்திருக்கு. ஆனா எனக்குப் போய் எத்தனையோ வருஷம் கழிச்சும் அவ நடமாடிட்டு இருந்தா. எப்படிண்ணே? எனக்கு இல்லைன்னு சொன்ன மருந்தை அவ தனக்குப் போட்டுக்கிட்டாளா? அவ கண்ணுலயே இருக்கும்ல? பாத்துச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க.”

பார்த்தேன், அவையோரே. என் வாழ்நாளில் அவ்வளவு மெல்லிய சீவல் நான் வெட்டியதில்லை. நீல ஒளி நுண்ணோக்கி இருக்கும் இருட்டறைக்குள் தகடுகளை எடுத்துப் போனேன். என்னையறியாமல் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தேன்: இடது கண், ஓரப்பகுதி, கோல் ஒன்றும் இல்லை, காவல் செல்கள் அடர்த்தி. வழக்கமாக அவர் குறுக்கே கேள்வி கேட்கும் இடம் வந்தது. நிறுத்தினேன். அறை அமைதியாக இருந்தது. பிறகு, அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்குப் பதில் சொன்னேன். கதவுக்கு வெளியே இருந்த சக ஊழியர், “உள்ள யார்கிட்ட பேசறீங்க?” என்று குரல் கொடுத்தார். “ஒண்ணுமில்ல” என்றேன்.

நீல ஒளியைப் போட்டேன். பச்சை தெரிகிறதா என்று தேடினேன். உண்மையைச் சொல்கிறேன், தெரிய வேண்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். ஒரு கண்ணிலாவது, ஒரு புள்ளியாவது, அந்த மனுஷி தமக்கென்று எதையாவது எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இல்லை. இடது கண்ணில் இல்லை. வலது கண்ணில் இல்லை. விழித்திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இருட்டு. மேய்ந்து முடித்த வயலில் காவல் செல்கள் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தன. வலது கண்ணின் நடுவில் கடைசிக் கூம்புகள் நாற்பத்தொன்று. என்னைத் தவிர இன்னும் இருவர் எண்ணினார்கள், யார் கண் என்று தெரியாமலே. மூவர் கணக்கும் ஒன்றுதான். ஒரே பிழை, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனாலும் ஒருவருக்கு மெதுவாகவும் ஒருவருக்கு வேகமாகவும் போகிறது. ஏன் என்று பேராசிரியருக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றுதான் அவர் சொல்வார்.

இன்று காலை தங்கையம்மாவிடம் சொன்னேன். அவர் அனுமதியோடுதான் இங்கும் சொல்கிறேன். கேட்டதும், “பைத்தியக்காரி” என்றார். “ஒரு கண்ணுலயாவது போட்டுக்கிட்டிருக்கலாம்ல.” அப்புறம்தான் அழுதார். பதினொரு ஆண்டுக்கும் சேர்த்து அழுதார்.

அவையோரே! பேராசிரியருக்கு நாம் செய்ய வேண்டியது என்ன? சிலையா? அவர் பெயரில் ஒரு மண்டபமா? அவர் விட்ட இடத்திலிருந்து எண்ண வேண்டும். இரண்டாவது மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வந்துவிட்டது. முதல் கட்டம் பார்வையைத் தருவதற்கு அல்ல. மருந்து தீங்கு செய்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். ஆகவே பார்வை முற்றிலும் போனவர்களுக்குத்தான் முதலில் போடுவோம். அவர்களுக்கு அதனால் எதுவும் திரும்பக் கிடைக்காது. இதைத் தங்கையம்மாவிடமும் ஒளிக்காமல் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் கையை நீட்டினார். “பேனாவைக் கொடுங்கண்ணே. எங்க கையெழுத்துன்னு விரலை வெச்சுக் காட்டுங்க.”

திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் வருகிறார். அவருக்குப் பின்னால் இன்னும் ஐந்து பேர் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். உங்கள் முன் நான் கொடுக்கும் வாக்கு இது. உங்கள் கண்ணில் என்ன நடக்கிறதோ, அதைத்தான் சொல்வோம். நடக்க வேண்டும் என்று நாங்கள் ஆசைப்படுவதைச் சொல்லமாட்டோம். மருந்து தோற்றால், தோற்றது என்று நானே இங்கு ஏறி நின்று சொல்வேன். எண்ணுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் விளக்கின் கண்ணாடியைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் மட்டுமே எண்ணுவேன்.

இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். வணக்கம்.